மூச்சு உடறாங்க

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அவினாசி வரைக்கும் சலித்துப் பார்த்தாலும், ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் தேறுவார். நாமெல்லாம் பாட்டைக் கேட்பதில்லை, பாட்டிலிருந்து இறங்கிவிடுகிறோம். பஸ் ஸ்டாப் வந்தால் இறங்குகிறோம், குக்கர் விசிலடித்தால் இறங்குகிறோம், போன் வந்தால் பாடுகிறவரின் கழுத்தைப் பாதியில் நெரித்துவிட்டு "சொல்லுங்க" என்கிறோம். அவர் மட்டும் கடைசி ஓசை காற்றில் கரைந்து, கரைந்த இடத்தின் ஈரமும் காய்ந்த பிறகுதான் கார்க் கதவைத் திறப்பார். அதனால் அவருக்குப் பெயர் முழுப்பாட்டு. சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் கம்பெனி வாட்ச்மேனே "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லீங்களே" என்பார்.

கம்பெனி பீளமேட்டில். பம்ப்செட் செய்கிற இடம். அவர் டிசைன் பிரிவில் இன்ஜினியர். நான் மோட்டாரோடு வைத்து அனுப்பும் விளக்கப் புத்தகத்தைத் தமிழில் எழுதுகிறவன். 'தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்' என்பது நான் எழுதியவற்றில் மிக அதிகம் பேர் படித்த வரி. இருவரும் கணபதியில் குடியிருந்ததால் காலையில் அவர் காரில் தொற்றிக்கொள்வேன்.

அந்தக் காரில்தான் விஷயமே இருக்கிறது. பழைய கார் விற்கிறவரிடம் வாங்கியது. அதன் பாட்டுப் பெட்டியில் ஒரு பென்டிரைவ் சொருகியபடியே முறிந்திருந்தது. வெளியே வராது. சாவியைத் திருப்பினால் தானாகப் பாட ஆரம்பித்துவிடும். சத்தத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. இதற்கு முன் காரை வைத்திருந்தவன் யார், எந்த ஊர், எதனால் அப்படி ஆனான் என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் விட்டுப்போன சொத்து, வெள்ளைக்காரர்களின் ராக் பாட்டுகள். அதிலும் சாதாரண ராக் இல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் கார் கருமத்தம்பட்டியைத் தொட்டுவிடும். புல்லாங்குழலில் கோழி மேய்வதுபோலத் தொடங்கும். நடுவில் ஒரு நூல் மில் இடிந்து விழும். அப்புறம் யாரோ கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்து ஆர்கன் வாசிப்பார்.

முதலில் பெட்டிதான் பழுது என்று நினைத்து, காந்திபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"ஏனுங்க, பாட்டு நொண்டுதுங்க. நல்லா நடந்துட்டே இருக்குது, திடீர்னு ஒரு காலைக் காணோம்."

மெக்கானிக் பெட்டியைக் கழற்றி, ஊதி, மாட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"செட்டு தங்கமாட்டம் இருக்குதுங்க. வாசிக்கறவங்களுக்குத்தானுங்க ரிப்பேரு."

"அப்ப அந்தக் குச்சியைப் புடுங்கிப்போடுங்க."

"புடுங்கலாமுங்க. செட்டும் கூடவே வந்துருமுங்க, பரவால்லீங்களா?"

வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் லட்சுமி மில் சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், நாலு நாலாக எண்ணுவதை விட்டுவிட்டு ஏழு ஏழாக எண்ணிப் பார்த்தார். காணாமல்போன கால் கிடைத்துவிட்டது. பாட்டு நொண்டவில்லை, அதற்குக் கால்களே அத்தனைதான். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் காரைவிட்டு இறங்கினார். பின்னால் ஹாரனில் கையை வைத்தபடி இருந்த டவுன் பஸ் டிரைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

"அண்ணா, ஏழுங்க! நாலில்லீங்க, ஏழுங்க!"

"ஏழாம் நெம்பரு பொறவால வருதுங்க. நீங்க காரை எடுங்க சாமி!"

அன்றிலிருந்து அவர் மனிதரில்லை, காது.

பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. பாட்டைப் பாதியில் அணைத்தால் அடுத்த முறை அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் நல்ல பழக்கம் அதற்கு இல்லை. ஆகவே பாட்டு முடியாமல் சாவியைத் தொடுவதில்லை என்று அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். காலையில் கம்பெனி வாசல் வரும், போகும்.

"ஏனுங்க, ஆபீஸு தாண்டிப் போகுதுங்க."

"தெரியுதுங்க. இப்பத்தானுங்க டிரம்மு அடிக்கறவரு கோவிச்சுட்டு வெளிய போயிருக்காரு. அவரு திரும்பி வந்து சமாதானம் ஆகோணுமில்லீங்களா?"

ஏர்போர்ட் திருப்பம் வரை போய்த் திரும்பி வருவோம். சில நாள் டிரம்காரருக்குக் கோபம் சீக்கிரம் தணியும். சில நாள் நீலாம்பூர் வரை ஆகும்.

இதில் பெரிய ஆபத்து, பாட்டு முடிந்த மாதிரி நிற்கும் இடங்கள்தான். எல்லா வாத்தியமும் ஓய்ந்து, காருக்குள் நம் இதயம் மட்டும் அநாதையாகக் கேட்கும். நான் நம்பிக்கையோடு கதவில் கை வைப்பேன்.

"முடிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க. மூச்சு உடறாங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள், தண்ணி லாரி மேலே ஏறுவதுபோல டிரம் வந்து இறங்கும்.

பென்டிரைவில் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண்கள் மட்டும். அவரே பெயர் வைத்தார். 'கோழி மேயறது', 'செக்கு ஆட்டறது', 'ஆழியாறு நெறஞ்சது'. இந்த வகைக்குப் புரோக்ரெசிவ் ராக் என்று பெயர், கொஞ்சம் கிறுக்குப் பிடித்தால் எக்ஸ்பெரிமென்டல் என்பார்கள் என்று டிசைன் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி சொன்னாள். தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். நான் மோட்டார்ப் புத்தகம் எழுதுகிற வேகத்தில் "முற்போக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அது தொழிற்சங்கச் செயலாளர் காதில் விழுந்தது. "இத்தன நாளா முற்போக்குப் பாட்டைக் காருக்குள்ளாறயே பூட்டி வெச்சிருந்தீங்களா?" என்று நெகிழ்ந்து, மே தினத்தன்று கொடியேற்றும் இடத்துக்குக் காரையே கொண்டுவரச் சொன்னார். நாலு கதவையும் திறந்து வைத்து 'செக்கு ஆட்டறது' ஓடியது. தொழிலாளர்கள் முஷ்டியை உயர்த்தத் தயாராக நின்றார்கள். செக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

"எப்பங்க பாடுவாங்க?"

"பாட மாட்டாங்க. இதுல வாய்ப்பாட்டே இல்லீங்க."

"இது எந்த நாட்டுப் பாட்டுங்க?"

"இங்கிலாந்துங்க."

செயலாளர் மெதுவாக முஷ்டியை இறக்கினார். ஆனால் அவரும் பண்பட்ட மனிதர். பாட்டு முடியும் வரை வெயிலில் நின்றுவிட்டுத்தான் "ஏகாதிபத்தியமுங்க" என்றார்.

எனக்கும் ஏதோ நடந்தது. முதலில் அது சத்தமாக இருந்தது. பிறகு ஊராக ஆனது. ஒரு சந்து, ஒரு மழை, மழைக்குள் பூட்டிய கடை, கடைக்குள் எரியும் ஒற்றை பல்பு. வரிக்கு வரி பல்லவிக்குத் திரும்பி வந்து கைகாட்டாத பாட்டு, ஆறு போல நம்மை மறந்துவிட்டுப் போவதில் ஒரு மரியாதை இருந்தது. இதை அவரிடம் சொன்னபோது, "நல்லாச் சொல்றீங்க. ஆனா பேசாம இருங்க, ஓடிட்டிருக்குதுல்லீங்களா" என்றார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டம் துரவு உள்ளவர்களுக்கே பெண் கிடைக்காத ஊரில், இவரிடம் இருந்ததெல்லாம் வேலையும் பென்டிரைவும். கனிந்து வந்த ஒரு சம்பந்தத்தில், பெண்ணின் அப்பா காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்லிக் காரில் ஏறினார். பஸ் ஸ்டாண்டை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தார். தன் ஊர் பஸ் கிளம்பிப் போவதையும் பார்த்தார். "மாப்பிள்ளைக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. மனுசன் சொல்றதுதான் கேக்கறதில்ல" என்று அன்றே தகவல் வந்தது.

அடுத்து வந்தது தொண்டாமுத்தூர் சம்பந்தம். பெண் அங்கே நாற்றுப் பண்ணை நடத்துகிறவர். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று. முழுப்பாட்டின் அம்மா மகனிடம் முன்னாலேயே சொல்லிவிட்டார். "கண்ணு, இதுதான் கடைசி. இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் இனி ஒருத்தர் ஊட்டு வாசப்படியும் ஏற மாட்டேன். அந்தக் கச்சேரிய இன்னிக்கு ஒருநாளு அமத்தி வெய்யி சாமி."

அமத்த முடியாது. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். முன்னால் அம்மா, பின்னால் நான். பேரூர் தாண்டியும் காருக்குள் அமைதி. அம்மா இரண்டு தரம் கடவுளைக் கும்பிட்டார். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. பெண்ணின் அப்பா தோளில் துண்டோடு வாசலில் வந்து நின்று, "வாங்க, வாங்க" என்று கை குவித்தார். முழுப்பாட்டு இறங்கவில்லை.

"எறங்கு கண்ணு."

"சித்தெ இருங்கம்மா. இன்னும் முடியலீங்க."

"சத்தமே வரலையேடா!"

"எனக்கு வருதுங்கம்மா."

குவித்த கை குவித்தபடி அந்தப் பெரியவர் நின்றார். நான் இறங்கிப்போய் மழை பற்றிப் பேசினேன். அவர் என் தோளுக்கு மேலாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாப்பிள்ளை முகம் மலர இறங்கி வந்து கும்பிட்டார்.

காபி வந்தது, பலகாரம் வந்தது, பெண் வந்தார். நெற்றியில் வெயில் பட்ட நிறம், நகத்தில் கழுவியும் போகாத மண். என்ன கேட்டாலும் அளந்து பேசினார். எல்லாம் முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"சொல்லி அனுப்பறோமுங்க."

எங்கள் பக்கத்தில் 'மாட்டோம்' என்று யாரும் சொல்வதில்லை. சொல்லி அனுப்பறோம் என்பதுதான் அதற்குச் சொல். அம்மா முந்தானையால் வாயைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார்.

காருக்கு வந்தோம். இனி யாருக்காகக் குறைப்பது என்று நினைத்தாரோ என்னவோ, முழுப்பாட்டு சாவியைப் போட்டுச் சத்தத்தைத் திருகினார். திருகிய வேகத்தில் குமிழ் கையோடு வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 'ஆழியாறு நெறஞ்சது' முதலிலிருந்து தொடங்கியது. வேண்டாம் என்று சொன்ன வீட்டிலும் வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். தேங்காய் வந்தது, வாழைத்தார் வந்தது, டிக்கி திறந்தது, மூடியது, ஒரு பை கத்தரிக்காய்க்காக மறுபடி திறந்தது. பாட்டில் ஆறு பாதி நிறைந்துவிட்டது. தோப்புக் கடைசியில் கேட்டைத் திறந்துவிட அப்பாவும் மகளும் காருக்கு முன்னால் நடந்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது.

அப்போது தென்னைகளின் நிழல்களில் ஒன்று மட்டும் தனியாக நடந்தது.

"ஆனை" என்றார் அப்பா, ரகசியம் போல. மகளைப் பின்சீட்டில் தள்ளித் தானும் ஏறினார். நான் கதவோடு அப்பிக்கொண்டேன். "எஞ்சினை அமத்துங்க. லைட்டை அமத்துங்க." முழுப்பாட்டு சாவியை ஒரு படி பின்னால் திருப்பினார். எஞ்சின் நின்றது. விளக்கு நின்றது. பாட்டு நிற்கவில்லை. புல்லாங்குழல் ஒன்று மட்டும் நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. யானை கேட்டருகே வந்து, காதை விரித்து, எங்களைப் பார்த்து நின்றது.

"பாட்டுங்க, பாட்டு..." என்று அப்பா நடுங்கினார்.

பாட்டு தானாக நின்றது. ஒரு சத்தமில்லை.

"அப்பாடி. முடிஞ்சுது" என்றார் அப்பா.

பாட்டு முடியவில்லை. அது மூச்சு விடும் இடம். அடுத்து வரப்போவது தண்ணி லாரி. குறைக்கலாமென்றால் குமிழ் சட்டைப் பையில் இருக்கிறது. கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவர் செய்யாத ஒன்று மட்டுமே மிச்சம்.

சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. தன் வீட்டு விளக்கைத் தானே ஊதி அணைத்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

யானை ஒரு வாழையைச் சாய்த்து, நிதானமாகத் தின்று, எங்களை மறந்து, வாய்க்காலைத் தாண்டி மலைப்பக்கம் போனது. பின்சீட்டின் நடுவிலிருந்துதான் முதல் குரல் வந்தது.

"ஏனுங்க, அந்தப் பாட்டு முடியலைதானுங்களே?"

"முடிஞ்சுதே கண்ணு, நானுந்தான் கேட்டனே" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா. மூச்சு உடறாப்பல இருந்துச்சு."

முழுப்பாட்டு திரும்பவில்லை. கண்ணாடியில்தான் பார்த்தார். "ஆமாங்க. முடியலீங்க."

"அப்ப மிச்சத்தைப் போடுங்க."

"மிச்சம் வராதுங்க. இந்தச் செட்டுல மறுக்கா மொதல்லிருந்துதானுங்க வரும்."

"வரட்டுமுங்க. எனக்கென்ன அவசரம்?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குத் தெரிந்தது 'சொல்லி அனுப்பறோம்' ஒன்றுதான், அது அங்கே பொருந்தவில்லை. முழுப்பாட்டின் அம்மா பின்னால் திரும்பி அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்தார். அப்புறம் மகனின் கையைத் தட்டினார்.

"போடு கண்ணு."

கல்யாணம் முடிந்து, இப்போது முழுப்பாட்டு தொண்டாமுத்தூரில் நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். கார் பச்சை வலைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. குமிழை இன்னும் மாட்டவில்லை என்று கேள்வி. நான் டவுன் பஸ்ஸில் பீளமேடு போகிறேன். சில காலைகளில் டிரைவர் நல்ல பாட்டாகப் போடுகிறார். பாட்டு நடுவில் இருக்கும்போது என் ஸ்டாப் வந்துவிடுகிறது. "எறங்கலீங்களா?" என்கிறார் கண்டக்டர். "மூச்சு உடறாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடக்கிறேன்.