குட்டிமுருகனுக்கு விழுந்த அறை

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ படைகள் முற்றுகையிட்டிருக்கின்றன. ஆனால் கோட்டைக்கு வந்த கேமராக்களை எல்லாம் ஒற்றை ஆளாக முற்றுகையிட்டவன் எங்கள் குட்டிமுருகன்தான்.

சின்ன வயதில் ஒரு டிவி தொடரில் பால முருகனாக நடித்தவன். மீசை முளைத்ததும் சென்னை அவனை மறந்துவிட்டது; செஞ்சி மறக்கவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், கடைவீதியில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் செய்தான். செய்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஷூட்டிங் வேன் ஒன்று தெருவில் போய்விட்டால், யாருடைய போனையோ பிளந்தபடி போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடுவான். போன்காரர் திட்டமாட்டார். "சாமி வெளிய போயிருக்குது" என்று பவ்யமாகக் காத்திருப்பார். வந்ததும் கைக்குழந்தைக்குத் திருநீறு பூசச் சொல்வார்.

இந்த மரியாதைதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. ஒருநாள் பிரியாணிக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனான்.

"சாமிக்கு இன்னா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு சிக்கன் பிரியாணி."

"ஐயையோ, அந்தப் பாவம் எனக்கு வாணாம் சாமி. லெமன் சாதம் வாங்கியாரச் சொல்றேன், இரு."

அதற்குப் பிறகு கோழி தின்ன அவன் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினான். சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போவான். உட்கார்ந்தால், பக்கத்து சீட்காரர் "சாமி" என்று எழுந்து நின்றுவிடுவார்.

கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. கோட்டை அடிவாரத்தில் எடுத்த வெப் சீரிஸில் சந்தைத் திருடன் வேஷம். ஊரே சேர்ந்து அவனை அடிக்க வேண்டும். இதில் தேறினால் தொடர் முழுக்க வரலாம் என்று சொல்லியிருந்தார் டைரக்டர். அடிக்கிற கூட்டத்துக்கு உள்ளூர்க்காரர்களையே பிடித்ததில்தான் வந்தது வினை. நானும் அதில் ஒருவன்.

"ஆக்‌ஷன்!" என்றார்கள். ஒரு கை எழவில்லை. அவன் கன்னத்தில் போட வேண்டிய பூக்காரம்மா தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மளிகைக்கடைக்காரர் ஓங்கிய கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கோ முருகா" என்றார். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அதே கதை. டைரக்டருக்கு டென்ஷன் ஏறிவிட்டது.

"வேற ஆளப் போடுங்கய்யா!" என்று கத்தினார்.

குட்டிமுருகன் பதறிப்போய் ஒவ்வொருவரிடமும் ஓடினான். "கும்புட்டுக் கேக்கறேன் பெரிம்மா, ஒரே ஒரு அடி!"

"போ சாமி, என் கை அழுவிப்பூடும்" என்றாள் பூக்காரம்மா.

அப்படியே என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, நீயாவது என்ன மனுசனா பாருண்ணே."

கேமரா ஓடியது. விட்டேன் ஓர் அறை. பொய் அறை இல்லை, அசல் அறை. அடுத்த நொடி ஊரே என்மேல் பாய்ந்தது. "சாமியவாடா அடிக்கற?" என்று எனக்கு விழுந்த அடி அத்தனையும் அசல். டைரக்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அறை வாங்கிய அந்த முகம் போதும் அவருக்கு. "ஓகே!" என்று துள்ளினார்.

"இன்னாண்ணே இப்படி வெச்சுட்ட!" என்று வீங்கிய கன்னத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான், சிரித்தான்.

இப்போது அவன் சென்னையில் இருக்கிறான். ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது அவனைப் புரட்டி எடுக்கிறார்கள். அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான். பார்க்கிற எனக்குத்தான் வலிக்கிறது.