வண்டு சாரின் வலது கால்

தஞ்சாவூர்ச் சீமையில் சேறு ஒட்டாத பொருள் என்று ஒன்று இருந்ததென்றால், அது வண்டு சாரின் ஷூதான். கோயில் கலசத்தில்கூடக் காக்கை எச்சம் இருக்கும். வண்டு சாரின் ஷூவில் பொட்டுத் தூசு இருக்காது. பஸ்ஸில் அவருக்கு எதிர் ஸீட்டில் உட்கார்ந்த பெண்கள் அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள் என்று எங்கள் ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

நான் அப்போது தஞ்சாவூரில் ஓர் உரக் கம்பெனியின் கிளை ஆபீஸில் குமாஸ்தா. வண்டு சார் அங்கே விற்பனைப் பிரதிநிதி. வலங்கைமான், குடவாசல் பக்கமெல்லாம் அவருடைய ராஜ்யம். கடை கடையாகவும் வயல் வயலாகவும் போய் எங்கள் மூட்டைகளை விற்க வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவன் முதல் வாரமே ரப்பர் செருப்புக்கு மாறிவிடுவான். அடுத்த வாரம் அதையும் வண்டியில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு வரப்பில் இறங்குவான். இவர் ஒருவர்தான் காலுறை மாட்டி, கறுப்பு லெதர் ஷூவுக்கு லேஸ் கட்டி, நாற்றங்காலுக்குப் போனவர்.

வண்டு என்ற பெயர் அவருடைய பாலீஷ் மெஷினால் வந்தது. அவர் மச்சான் குமார் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது வாங்கிவந்து கொடுத்தது. டார்ச் லைட் மாதிரி கையில் பிடித்துக்கொள்ளலாம். முனையில் வட்டமாக ஒரு பிரஷ். பட்டனைத் தட்டினால் பிரஷ் சுற்றும், ஷூ பளபளக்கும், கூடவே கருவண்டு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம் கிளம்பும். தூசு தட்ட ஒரு பிரஷ், பாலீஷ் பூச ஒன்று, மெருகேற்ற ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டுவார். டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், மேனேஜர் அறை வாசல், எங்கே நின்றாலும் காலைத் தூக்கி எதன்மேலாவது வைத்துக்கொண்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார். ஒரு மாதக் கூட்டத்தில் மேனேஜர் விற்பனை போதாதென்று கத்திக்கொண்டிருந்தபோது மேஜைக்கடியில் ரீங்காரம் கேட்டது. மேனேஜர் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு மறுபடி கத்தினார்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு முறை புது உரத்தைப் பற்றி வயலிலேயே விளக்கக் கூட்டம். விவசாயிகள் முழங்கால் சேற்றில் நிற்கிறார்கள். இவர் வரப்புமேல் நின்று தழைச்சத்து, மணிச்சத்து என்று பொழிந்துகொண்டிருக்கிறார். முதல் நாள் மழையில் வரப்பு ஊறியிருந்தது. மனிதர் வழுக்கி மல்லாக்க விழுந்தார். தலை, முதுகு, சட்டைப்பையிலிருந்த போன் எல்லாம் சேற்றுக்குள். இரண்டு கால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து விறைப்பாக நின்றன. தூக்க ஓடிவந்தவர்களிடம், காலைத் தொடாதீர்கள், கையைப் பிடித்துத் தூக்குங்கள் என்று கட்டளை வேறு. அந்த ஊர்க்காரர்கள் அந்தச் சம்பா சாகுபடிக்கு வேறு கம்பெனி உரம் வாங்கவில்லை. இவ்வளவு கிறுக்கன் பொய் சொல்ல மாட்டான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

குடவாசலில் எங்கள் உரக்கடைக்காரர் ஒருவரின் தாயார் இறந்துபோனபோது ஆபீஸிலிருந்து மாலையோடு போனோம். வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. அந்தக் கூட்டத்தில் தன் ஷூவை விட அவருக்கு மனம் வரவில்லை. கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மெஷின் பேண்ட் பைக்குள் இருந்தது. மாலை போடக் குனிந்ததும் பட்டன் அமுங்கிவிட்டது. ஒப்பாரி சட்டென்று நின்றது. யாரோ ஒரு அம்மாள், "கதண்டு" என்றாள். கதண்டு என்பது எங்கள் பக்கத்தில் பனைமரத்தில் கூடு கட்டும் குளவி. கூட்டமாகக் கொட்டினால் ஆள் பிழைப்பதில்லை. அடுத்த நொடி வீடே தெருவில் நின்றது. உள்ளே பிணமும் வண்டு சாரும் மட்டும் இருந்தார்கள். அவர் பேண்ட் பையைத் தடவிக்கொண்டே, மன்னிச்சுக்கங்கம்மா, மன்னிச்சுக்கங்கம்மா என்று இறந்துபோன அம்மாளிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டேவிட்டேன், இது என்ன பைத்தியம் சார் என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய ஊர் குடவாசலுக்கு அந்தப் பக்கம். அப்பா அங்கே பெரிய பண்ணையில் ஆள். வருஷத்தில் பாதி நாள் சேற்றிலேயே நின்று விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி அம்மா மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசுவாராம். அந்த வாடை தாங்காமல் மகன் வீட்டின் மறுகோடியில் போய்ப் படுத்துக்கொள்வானாம். கடைசியில் அந்தக் கால் அழுகித்தான் அப்பா போய்ச் சேர்ந்தார்.

"ஒரே ஒரு தடவை செருப்பு வாங்குனாரு தம்பி. பெரிய தெருவு வந்தா கழட்டிக் கையில புடிச்சுக்கணும். அவரு கையில புடிச்சுக்கிட்டுப் போன தெருவுல நான் கால்ல போட்டுக்கிட்டுப் போறேன். அழுக்காப் போட்டுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆபீஸில் யாராவது அவரைக் கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் நானே கிண்டல் செய்வதை நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

ஐம்பது வயது தாண்டியதும் டெல்டாவில் பாதிப் பேருக்கு வருகிற சர்க்கரை அவருக்கும் வந்தது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, தினமும் காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்தார். நான் பார்க்காத நாளே கிடையாது டாக்டர் என்று இவர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். உண்மைதான். அவர் தினமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது ஷூவை.

ஒரு சாயங்காலம் வெளியூர் சுற்றிவிட்டு வந்தவர் வழக்கம்போல் வலது ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பாகத்தில் ஒரு கருவேல முள் தைத்திருந்தது. குறடு வாங்கி இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. விரல் நீளம் இருக்கும். மேஜைமேல் வைத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆபீஸே கூடிவிட்டது. எவ்வளவு நல்ல லெதர், எப்படி ஓட்டை போட்டுவிட்டது பாருங்கள் என்று அவர் புலம்ப, நாங்கள் ஆளுக்கு ஆள் தேற்றினோம். மேனேஜர்கூட எழுந்து வந்து ஷூவுக்குத் துக்கம் விசாரித்தார். வண்டு சார் பாலீஷை உருக்கி ஓட்டையில் ஊற்றி அடைத்து, மெஷினை ஓட்டினார். முள் எங்கே ஏறியது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை நீள முள்ளின் மறுமுனை எதற்குள் இருந்தது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் ஆபீஸில் ஒரு நாற்றம். முதலில் சொன்னதே வண்டு சார்தான். எலி செத்துக் கிடக்கிறது என்றார். அலமாரியை நகர்த்தி, மூட்டைகளைப் புரட்டி, எங்களையெல்லாம் தேட வைத்தார். எலி கிடைக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் குளிர்ஜுரத்தோடு ஷூவோடேயே கட்டிலில் சாய்ந்தவரின் காலுறையை உருவியது அவர் மனைவி செல்வியக்கா. அங்கன்வாடியில் வேலை, எதற்கும் லேசில் அசைகிறவர் இல்லை. அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டாராம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆள் பிழைப்பார், தள்ளிப்போட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்றார். வண்டு சார் முடியாது என்றுவிட்டார். அக்கா அழுது பார்த்தார், குமார் திட்டிப் பார்த்தான், மேனேஜர் வந்து நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தார். நான் போனபோது கட்டிலுக்கடியில் ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தன. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"முழுசாவே போயிடுறேன் தம்பி," என்றார். "ஒத்தை ஷூவோட என்னால தெருவுல எறங்க முடியாது."

கட்டு மாற்றும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அக்கா கவனித்திருக்கிறார். அந்த மனிதர் அதுவரை தன் காலைப் பார்க்கவே இல்லை. மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது அக்கா போனில் ஒரு படம் எடுத்தார். கொண்டுவந்து கணவன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாக்குற வரைக்கும் கையை எடுக்க மாட்டேன் என்று அக்கா நின்றார். கடைசியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்கப்பா காலு," என்றார்.

"ஆமாங்க. அவருக்கு வெட்டி எடுத்துக் காப்பாத்த ஆளில்ல. ஒங்களுக்கு இருக்காங்க," என்றார் அக்கா.

சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. காலைக் குப்பையில் போடக் கூடாது, ஊரில் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் துணி சுற்றி ஒரு பையில் வைத்துக் கொடுத்தார்கள். குமார் பைக்கை ஓட்ட, நான் பின்னால் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல கனம். வழியில் குமாருக்கு டீ வேண்டியிருந்தது. பையைக் கீழே வைக்க மனம் வராமல் ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் குடித்தோம். டீ மாஸ்டர் பையைப் பார்த்து, மீனா தம்பி என்று கேட்டார். "இல்லண்ணே, சொந்தக்காரரு," என்றான் குமார்.

ஊரில் இடுகாட்டுக்கு இரண்டு வழி. பெரிய தெரு வழியாகப் போனால் நேர்வழி. வண்டு சாரின் தெருப் பிணங்களுக்கு அந்த வழி கிடையாது. வாய்க்காலில் இறங்கி, நட்ட வயலுக்குள் பாடையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு சேற்றில் போக வேண்டும். இது பழங்கதை இல்லை, இன்றைக்கும் அப்படித்தான். குமார் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தான்.

"முழு ஆளா இருந்தா விட மாட்டாங்கண்ணே. காலுதானே, யாருக்குத் தெரியப்போவுது," என்று சொல்லிவிட்டுப் பெரிய தெருவுக்குள் திருப்பினான். மெதுவாகத்தான் ஓட்டினான். கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தி, மாமாவுக்கு இப்ப எப்படிப்பா இருக்கு என்று விசாரித்தார். தேவலைங்க என்றான் குமார். நான் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் நல்லபடியாகத் தேறி வரட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார்.

குழி வெட்டுகிறவர் இடுகாட்டில் தயாராக இருந்தார். தலைமாடு தெற்கேதானே என்று கேட்டார். தலையே இல்லை என்றோம். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை என்று சலித்துக்கொண்டார். பிறகு அவரே யோசித்து, தலை தெற்கே என்றால் விரல் வடக்கே என்று கணக்குப் போட்டு வெட்டினார். அப்பாவுடைய மேட்டை ஒட்டியே குழி. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். மயக்கம் தெளிந்து தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. ஒன்று விடாமல் கேட்டார். குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், மண் ஈரமா, குமார் ஒழுங்காக வண்டி ஓட்டினானா என்று. எந்த வழியாகக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டார். பெரிய தெரு வழியாக என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு, "அழுதீங்களா தம்பி?" என்றார்.

"ஒரு காலுக்குப் போயி யாரு சார் அழுவா?" என்றேன்.

சிரித்தார். தையல் வலிக்கிற அளவுக்குச் சிரித்தார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்.

முழு மனிதர்கள் போன எத்தனையோ துக்கத்துக்குப் போய் எனக்குக் கண் கலங்கியதில்லை. அன்றைக்கு இடுகாட்டில் குமாருக்குத் தெரியாமல் வயல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதேன் சார். நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவர் என்பதால் இங்கே எழுதிவிட்டேன்.