உறுதியான மாதிரி

கோலிக்குண்டு மூன்றாவது முறையாக அலமாரிக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது. அதை எடுக்கத் தரையோடு தரையாகப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தவர், அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு ஜன்னல் கிரில் அடித்துக் கொடுத்தவர். அவர் பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூட இதுவரை விட்டுப்போனதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு அட்டைப்பெட்டி குப்புறப் படுக்க வைத்துவிட்டது.

எல்லாம் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்ட கேள்வியால் வந்தது. "கண்காட்சிக்கு ஒரு மாதிரி கொண்டுபோகணும்பா. உனக்கு ரோலர் கோஸ்டர் செய்யத் தெரியுமா?"

"தெரியுமாவா!" என்று அன்றைக்குச் சட்டைக்கையை மடித்துவிட்டவர்தான்.

அட்டையை நீளமாக வெட்டி, இரண்டு ஓரமும் மடித்துப் பாதை செய்தார். காகிதத்தைச் சுருட்டித் தூண் நட்டார். மேட்டிலிருந்து இறங்கி, வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வளைவில் திரும்பி, கடைசியில் டம்ளருக்குள் விழவேண்டும் கோலி. ஆனால் அது வட்டத்தில் பாதி ஏறி, மனசு மாறிக் கீழே குதித்தது.

"வேகம் பத்தலைப்பா," என்றாள் மகள். "வட்டத்தோட உச்சியைவிட மேடு இன்னும் நல்லா உயரமா இருக்கணும்."

மேட்டை இரண்டு மடங்காக்கினார். கோலி வட்டத்தைச் சுற்றிவிட்டது. ஆனால் காகிதத் தூண் கல்யாணப் பெண்ணைப்போலத் தலை சாய்த்துக்கொண்டது.

"காகிதமெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று மரச்சட்டம் கொண்டுவந்து தூண்களை மாற்றினார். இப்போது தூண் நின்றது, கோலி நிற்கவில்லை. வளைவில் திரும்பாமல் நேராகப் பறந்தது.

"என்னங்க!" சமையலறையிலிருந்து மனைவியின் குரல். "என் டீயில கோலி கிடக்குது!"

"சூடா இருக்கும், விரலை விடாதே. கரண்டியால எடு."

வளைவின் வெளிப்பக்கத்தை உயர்த்திச் சாய்வாக்கினார். கோலி சமர்த்தாகத் திரும்பி டம்ளரில் விழுந்து 'டிங்' என்றது. மனைவி கைதட்டினாள். "அப்பாடா! அழகா ஓடுதுங்க. இதோட விட்டுடுங்க."

அவரும் விட்டுவிடத்தான் இருந்தார். மகள்தான் கன்னத்தில் கைவைத்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாராச்சும் மேஜையை இடிச்சிட்டா?" என்றாள்.

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. பட்டறைக்குப் போய் இரும்புக் கம்பிகளையும் வெல்டிங் மெஷினையும் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். மனைவி திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு ஓடினாள்.

"கூடத்துக்குள்ள பொறி பறக்குது! வீடா பட்டறையா இது?"

"பிள்ளையோட படிப்பு விஷயம்டி."

"பிள்ளை எங்க படிக்குது? அது உங்களைத்தான் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கு."

"பார்த்துத்தான் கத்துக்கணும். இங்க பாரு கண்ணு, சதுரமா அடிச்சா நெளியும். குறுக்கே ஒரு கம்பி போட்டு முக்கோணமாக்கிட்டா, யானை சாஞ்சாலும் அசையாது."

"ரெண்டு யானை சாஞ்சா?" என்றாள் மகள்.

இன்னும் பதினாறு முக்கோணங்கள் கூடின. இருபதாவது நாள் மாலை, மாதிரியின் உச்சியில் அவரே ஏறி நின்றார். இம்மியும் அசையவில்லை. அப்படியே நின்றபடி கோலியை உருட்டிவிட்டார். அது கடகடவென்று இறங்கி, வட்டத்தைச் சுற்றி, வளைவில் சாய்ந்து, 'டிங்'! மூன்று பேரும் குழந்தைகளாகிவிட்டார்கள். மனைவிகூட, "நான் ஒரு தடவை விடறேங்க" என்று வரிசையில் நின்றாள்.

மறுநாள் காலை மகள் முன்னாலேயே பள்ளிக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "அப்பா, நீ கண்டிப்பா நேர்ல வரணும். நீ இல்லாம முடியாது" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணைத் துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வாசல் மூன்றடி. மாதிரி நாலடி.

உதவிக்கு வந்த எதிர்வீட்டு வேன் டிரைவர் தலையைச் சொறிந்தார். "சாய்ச்சுப் பார்ப்போமாண்ணே?"

சாய்த்தார்கள். புரட்டினார்கள். மல்லாத்தினார்கள். நிலைப்படியில் பெயர்ந்த பெயிண்ட்தான் மிச்சம்.

"ஜன்னல் அகலமாத்தானே இருக்கு," என்றார் டிரைவர். "கிரிலை எடுத்துட்டா போதும்."

கிரில்காரர் முகம் வெளிறியது. அது அவரே தன் கையால் அடித்த கிரில். "பூகம்பம் வந்தாலும் இது வராது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிய கிரில். அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இரண்டு கட்டிங் பிளேடு தேய்ந்து, ஒன்றரை மணி நேரம் போனபிறகும் ஒரு மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கெட்டியா எவன்ணே அடிச்சான்?" என்று டிரைவர் வியர்வையைத் துடைத்தார்.

"பேசாம வெட்டுப்பா" என்றார் கிரில்காரர், திட்டா பாராட்டா என்று புரியாமல்.

கடைசியில் கிரில் விழுந்தது, கூடவே சுவரில் நாலு செங்கல்லும். மாதிரி வெளியே வந்தது. அதை ஏற்றியதும் வேன் பின்பக்கமாக உட்கார்ந்து, மூக்கை வானத்துக்குத் தூக்கியது. மனைவி செங்கற்களுக்கு நடுவே நின்று, "வரும்போது பரிசோட வாங்க. இல்லேன்னா சிமெண்டோட வாங்க!" என்று வழியனுப்பினாள்.

பள்ளி மண்டபத்துக்குள் நாலு பேர் சுமக்க, "பார்த்து, பார்த்து" என்று கத்தியபடி அவர் முன்னால் நடந்தார். நெற்றியில் கரி, சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். பிள்ளைகள் வாயைப் பிளந்து வழிவிட்டார்கள். ஒரு மேஜைக்குப் பின்னால் மகள் இரட்டைச் சடையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். மேஜைமேல் ஒன்றுமே இல்லை. தனக்காக இடம் ஒழித்து வைத்திருக்கிறாள் என்று அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

அறிவியல் டீச்சர் ஓடிவந்து கைகூப்பினார். "வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் நடுவர்கள் காத்துக்கிட்டிருக்காங்க."

"எங்க இறக்கலாம் டீச்சர்? மேஜை தாங்குமா?"

டீச்சர் அந்த இரும்புக் காட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதை எங்கயாவது ஓரமா இறக்கிட்டு நீங்க இப்படி வந்து நில்லுங்க சார், உங்க பொண்ணோட ஆய்வுத் தலைப்பு 'பெரியவங்க எப்போ போதும்னு நிறுத்துவாங்க?', அதுக்கு மாதிரி நீங்கதான்!"