பூஜ்யக் காற்று

மேகம் தன்னிச்சையாக உருவாகிவிட முடியாது. வானத்தில் அலையும் நீராவிக்கு உட்கார ஒரு இடம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசியோ உப்புத் துகளோ கிடைத்தால் அதன்மேல் போய் உட்காரும். பக்கத்தில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். நாற்காலி இல்லாமல் அலுவலகம் இல்லை. அதுபோலத் தூசி இல்லாமல் மேகம் இல்லை. வேறு எது புரியாவிட்டாலும், துருவ மேகம் மற்றும் மிதவைத்துகள் கண்காணிப்பு இயக்ககத்துக்கு இந்த ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது.

பூமி எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்று கணக்கிட வேண்டுமானால், துருவத்து மேகங்களைப் பற்றித் தெரிந்தாக வேண்டும். மேகத்தைத் தெரிந்துகொள்ள அங்குள்ள தூசியை எண்ண வேண்டும். எனவே இயக்ககம் பனிவெளியின் நடுவே இரண்டு கொட்டகைகளைப் போட்டு, ஒரு விஞ்ஞானியையும் ஒரு மெக்கானிக்கையும் அனுப்பிவைத்தது. விஞ்ஞானிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் இயக்ககத்தில் எல்லோருக்கும் அவள் தூசி மேடம். அடையாள அட்டையில்கூட ஒரு முறை அப்படியே அச்சாகி வந்தது.

தூசி மேடத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு முழு வருஷத்து அளவீடு, நடுவில் அறுந்துபோகாமல். அப்படிக் கிடைத்தால்தான் உலகத்துக் கணிப்புகளில் சேர்த்துக்கொள்வார்கள். சில மணி நேரம் கெட்டுப்போனால் ஒதுக்கிவிடலாம். நாள் கணக்கில் போனால் வருஷமே போச்சு. ஏற்கெனவே ஒரு முயற்சி, பேட்டரி வாங்கும் டெண்டர் மூன்றாவது மேசையில் தூங்கியதில் அறுந்துபோனது. இந்த முறையும் அறுந்தால் நிலையத்தை இழுத்து மூடிவிடுவோம் என்று இயக்ககம் சொல்லிவிட்டது. வீட்டையும் பள்ளிக்குப் போகும் மகளையும் கணவர் தலையில் கட்டிவிட்டு அவள் இங்கே வந்திருப்பது அந்த ஒரு வருஷத்துக்காகத்தான்.

தூசியை எண்ணும் கருவி மூச்சுவிடும் குழாய், காற்று வரும் திசையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வண்டி போகக் கூடாது, அடுப்பு பற்றவைக்கக் கூடாது. ஜெனரேட்டர் எதிர்ப்பக்கம் இருந்தது. மெக்கானிக் அங்கே போக வேண்டுமானால்கூடச் சுற்றிக்கொண்டு, பனியில் கால் புதைய நடந்துதான் போவார். பாதி வருஷம் இப்படிச் சுத்தமாக ஓடியது. அப்போதுதான் இயக்குநருக்கு நிலையத்தைத் திறந்துவைக்க நேரம் கிடைத்தது.

விமானம் வந்து இறங்கியது. ஆரஞ்சு நிறக் கோட்டு மாட்டிய பரிவாரத்தோடு பனிவண்டிகள் புகை கக்கிக்கொண்டு நேராகக் குழாயின் வாய்க்கே வந்து நின்றன.

"சார், வண்டிய அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்க. இந்தப் பக்கத்துக் காத்துதான் கருவிக்குள்ள போகுது" என்றாள் தூசி மேடம்.

"அந்தப் பக்கம் நிறுத்தினா போட்டோவுல போர்டு விழாதேம்மா" என்றார் இயக்குநர்.

கருவியில் எண் கிடுகிடுவென்று ஏறியது. இயக்குநர் முகம் மலர்ந்துபோனது. "பாத்தீங்களா, நான் வந்ததும் எப்படி சுறுசுறுப்பா வேலை செய்யுதுன்னு."

அவர் ஊர் திரும்பிய பிறகு அந்த எண்ணைப் பார்த்துத் தலைமையகம் அதிர்ச்சியும் ஆழ்ந்த கவலையும் தெரிவித்தது. தூய்மையான பனிவெளியில் இத்தனை தூசி எங்கிருந்து வந்தது? 'இயக்குநரிடமிருந்து' என்று தூசி மேடம் மரியாதையாகத்தான் பதில் எழுதினாள். அந்தப் பதிலை இயக்குநரே படித்துப் பார்த்து, ஆதாரமற்றது என்று முடிவு செய்து, தூசியின் மூலத்தைக் கண்டறிய உயர்மட்டக் குழு ஒன்றை அனுப்பினார். குழு விமானத்தில் வந்தது. எண் ஏறியது. குழு போனது. எண் இறங்கியது. முதல் குழு ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க இரண்டாவது குழு, சமையல்காரரோடு வந்தது. அவர் காற்று எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் பார்க்கவில்லை. எங்கே இடம் இருந்ததோ அங்கே எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார். எண் இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது.

"மேடம், கருவிக்கு வடை வாசனை பிடிச்சிருக்கு" என்றார் மெக்கானிக்.

தூசி மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒதுக்கக்கூடிய மணி நேரங்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தன. இன்னொரு குழு வந்தால் வருஷம் அறுந்துவிடும். அவளுக்கு அழுகையே வந்தது. அந்தக் குளிரில் அழுவதும் ஒரு வேலைதான் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

இரண்டு குழுக்களும் ஒருமனதாக அறிக்கை கொடுத்தன. குழு இருக்கும்போது மட்டுமே தூசி பதிவாகிறது. குழு இல்லாதபோது கருவி அலட்சியமாக இருந்து, குறைத்துக் காட்டுகிறது. ஆகவே பொதுநலன் கருதி இங்கே நிரந்தரமாக ஒரு குழு தங்க வேண்டும்.

அந்தப் பரிந்துரையை நிறைவேற்ற இயக்குநரே மறுபடி கிளம்புகிறார் என்றதும், தூசி மேடம் தன் வாழ்நாளில் முதல் முறையாகத் தந்திரம் செய்தாள். ரேடியோவில் கூப்பிட்டு, "சார், இவ்வளவு தூசி நுரையீரலுக்கு ரொம்ப ஆபத்து. நீங்க வராம இருக்கறது நல்லது" என்றாள்.

இயக்குநர் உடம்பைப் பேணுகிறவர். ஆனால் பின்வாங்குகிறவர் அல்ல. இந்த முறை விமானத்தை ஜெனரேட்டர் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னார். தன் அறையிலிருந்த காற்றுச் சுத்திகரிப்புப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைத் தனக்கு வைத்துக்கொள்வதா, நிலையத்துக்கு வைப்பதா என்று யோசித்து, எண் எங்கே ஏறுகிறதோ அங்கேதான் சுத்தம் தேவை என்ற தீர்மானத்துக்கு வந்தார். பெட்டியைக் குழாயின் வாயில் பொருத்தி, அரக்கு உருக்கி அரசாங்க முத்திரை வைத்தார்கள். எண் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது.

"சார், இப்ப கருவி இந்த ஊர்க் காத்த அளக்கல. உங்க பெட்டிக் காத்ததான் அளக்குது."

"பூஜ்யமும் ஒரு எண்தானேம்மா? அளவீடு அறுந்துச்சா?"

"அறுந்துபோகல. ஆனா..."

"வருஷம் முழுக்க வேணும்னு நீதானே கேட்ட? இதுல ஒப்புதல் கையெழுத்து போட்டா குழு வேண்டாம்னு எழுதிடறேன். போடலேன்னா குழு நாளைக்கே வருது, சமையல்காரரோட."

தூசி மேடம் குழாயைப் பார்த்தாள். பிறகு சமையல்காரரின் சட்டி உருக்கிவிட்டுப் போன பள்ளத்தைப் பார்த்தாள். வருஷம் முடியட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மேகம் வந்தது. சாதாரண மேகம் அல்ல. கொட்டகை வாசலில் நின்றால் எதிர்க் கொட்டகை தெரியாத மேகம். மேல்நோக்கி லேசர் ஒளியை அனுப்பி மேகத்தின் உயரம் பார்க்கும் கருவி ஒன்றும் அங்கே இருந்தது. அது, மேகம் தலைக்கு மேலேயே தொங்குவதாகச் சொன்னது.

"தூசி எவ்வளவு?" என்று கேட்டார் இயக்குநர்.

"பூஜ்யம், சார்."

"தூசி இல்லாம மேகம் உண்டாகுமா?"

"உண்டாகாது, சார்."

"அப்ப மேகம் இல்ல."

"லேசர் இருக்குன்னு காட்டுது சார். உங்க தொப்பி மேல பனி விழுது."

இயக்குநர் தொப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டார். இரண்டு கருவிகள் முரண்படும்போது எதை நம்புவது என்பதற்கு விதி தெளிவாக இருந்தது. "எத முதல்ல வாங்கினீங்க?"

"தூசி எண்ணறத."

"அப்ப அதுதான் சீனியர். சீனியர் இல்லேன்னு சொல்றப்ப ஜூனியர் இருக்குன்னு சொல்றது ஒழுங்கீனம்." லேசர் கருவி அன்றே தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, தார்ப்பாயால் மூடப்பட்டது. அதன்மேலும் பனி விழுந்தது.

அவரை இறக்கிவிட்டுப் போய், மறுபடி கூட்டிப்போக வந்த விமானி ரேடியோவில் கேட்டார்: "கீழ மேகம் எப்படி இருக்கு?"

"இல்ல" என்றார் இயக்குநர்.

"எனக்கு ஓடுபாதையே தெரியலியே சார்."

"அது உங்க கண்ணோட பிரச்சினை. டாக்டரப் பாருங்க."

விமானி டாக்டரைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார். இல்லாத மேகம் விலகும்வரை இயக்குநர் கொட்டகையிலேயே கிடந்து, பிஸ்கட்டையெல்லாம் தீர்த்துவிட்டு, கொள்கை மாறாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்.

வருஷம் முடிந்தது. அறுபடாத அளவீடு முழுதாக அவள் கையில் இருந்தது. தூசி மேடம் உண்மையைச் சொல்வதற்காக வாயைத் திறப்பதற்குள் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். உலகின் மிகத் தூய்மையான காற்றைக் கண்டுபிடித்ததற்காக இயக்குநருக்குப் பதவி உயர்வு, அவளுக்கு விருது, சமையல்காரருக்குப் பாராட்டுச் சான்றிதழ். நிலையம் இனி மூடப்படாது என்றும் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைக் கேட்டபின் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பிய அன்று, டாக்சியின் முன் கண்ணாடியில் எப்போதும்போலப் புகை. எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. தெருமுனையில் மட்டும் புதிதாக ஒரு பலகை மின்னியது: இன்றைய காற்றில் தூசி, பூஜ்யம். பலகைக்கு அடியில் அளக்கும் கருவி. அதன் வாயில் அரக்கு முத்திரையோடு ஒரு பெட்டி. துருவத்தில் வெற்றிபெற்ற திட்டத்தை நகரம் முழுக்க விரிவுபடுத்தியிருந்தார்கள்.

பலகையின் கீழே ஒரு கூட்டம் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு நின்றது. ஆழ்மூச்சுக் கழகம். தெருவுக்குத் தெரு இப்போது அதுதான் நாகரிகம். முன்வரிசையில் அவள் கணவரும் மகளும் நின்றார்கள். இருவரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இது, இப்படி இருமறீங்க?"

"நல்ல காத்து பழக்கமில்லாத நுரையீரல் மொதல்ல இப்படித்தான் இருமுமாம். கழகத்துல சொன்னாங்க" என்றார் கணவர், பெருமை பொங்க. "எல்லாம் உன்னாலதான். ஒரே ஒரு சந்தேகம், கருவி பொய் சொல்லாதுல்ல?"

மகளின் கண்கள் சிவந்து, நீர் வழிந்துகொண்டிருந்தது. தூசி மேடம் அதைத் துடைத்துவிட்டு, முத்திரை வைத்த பெட்டியைப் பார்த்தாள். இங்கே பெட்டியைக் கழற்றச் சொன்னால் அங்கேயும் கழற்ற வேண்டும். அங்கே கழற்றினால் கையிலிருக்கும் வருஷம் செல்லாமல் போய்விடும், நிலையத்தையும் மூடிவிடுவார்கள்.

"கருவி பொய் சொல்லாதுங்க" என்றாள்.

கூட்டம் கை தட்டியது. கழகத் தலைவர் ஓடிவந்து, இன்றைய மூச்சை மேடம்தான் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவள் பலகையின் கீழே போய் நின்றாள். கையை உயர்த்தி, நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்தாள். புகை உள்ளே போய் அடைக்க, குனிந்து, கண்ணில் நீர் முட்ட இருமத் தொடங்கினாள்.

அதுவும் பயிற்சியின் ஒரு பகுதி என்று நினைத்துத் தெருவே குனிந்து, ஒருசேர, ஒழுங்காக இருமியது.