டங்கு முதலாளியும் வேகாத திரையும்

விரல் முட்டியை மட்டும் நம்பிப் பிழைத்த மனிதர் ஒருவரை இந்த உலகத்தில் காட்டச் சொன்னால், உங்களை நான் விருத்தாசலத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவேன். ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் ஷோரூம் வைத்திருந்த எங்கள் முதலாளி கண்ணால் பார்த்ததை நம்பமாட்டார். காதால் கேட்ட உறுதிமொழியை நம்பமாட்டார். அச்சில் வந்ததை அறவே நம்பமாட்டார். எதையும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்றால் நல்லது, ‘தொக்’ என்றால் கெட்டது. ஊரே அவரை ‘டங்கு’ என்றுதான் சொல்லும். பெற்றோர் வைத்த பெயர் பேங்க் பாஸ்புக்கில் மட்டும் இருந்தது.

பீங்கான் ஊரில் இது பைத்தியக்காரத்தனம் இல்லை. சூளையில் நன்றாக வெந்த ஜாடியைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும். சரியாக வேகாததும், உள்ளுக்குள் விரிசல் விட்டதும் மொத்தையாகச் சத்தம் போடும். தட்டிப் பார்க்காமல் இங்கே யாரும் ஒரு டீ கப்கூட வாங்குவதில்லை. என் ஆத்திரமெல்லாம் அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான். நான் ஆசையாக வாங்கிய ஸ்கூட்டரைத் தட்டிவிட்டு, “தகரம்” என்று சொல்லி உள்ளே போனார். ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனவரின் கை, நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவரின் வழுக்கைத் தலையை நெருங்கியபோது நான் பாய்ந்து பிடித்தேன். சளி என்று போன இடத்தில் டாக்டர் இவர் முதுகில் விரல் வைத்துத் தட்டியிருக்கிறார். இவருக்குப் பரவசம். “இந்த ஊர்ல படிச்ச டாக்டரு நீங்க ஒருத்தர்தாங்க! சத்தம் எப்புடி இருக்குது?” என்று கேட்டாராம்.

இப்படிப்பட்டவரிடம் நான் மேனேஜர். பொருள்கள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், அன்று நடந்ததை அன்றே டைரியில் எழுதிவிட வேண்டும் என்று வாழ்கிறவன். என் டைரிகளில் நிறையப் பக்கங்கள் இவரைப் பற்றிய புகார்கள்தான்.

தட்டை டிவிக்கள் நம் பக்கம் தலைகாட்டத் தொடங்கிய காலம். எதிர்க்கடைக்காரர் வாசலில் சிவப்பு எழுத்து ஓடும் எலக்ட்ரிக் போர்டு ஒன்றை மாட்டினார். அது ஓடிய வேகத்தில் ஒரு வார்த்தையைக்கூட யாராலும் படிக்க முடியாது. ஆனாலும் பெண்ணாடம் பஸ்ஸிலும் திட்டக்குடி பஸ்ஸிலும் வந்து இறங்கிய ஜனம் அதைப் பார்த்து வாய் பிளந்தபடி அந்தக் கடைக்குள் போயிற்று. படிக்க முடியாத போர்டுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

கொதிப்பதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் கடையில் பாதிப் பங்கு முதலாளியின் மச்சானுடையது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனில் கடை நடத்துகிறவர். “இந்தக் கொலு சீசனும் படுத்துடுச்சின்னா, பேக்கிங் பொம்பளைங்க நாலு பேரயும் நிறுத்திடுங்க மாமா” என்று சொல்லிவிட்டார். அந்த நால்வருக்கும் மூத்தவள் செல்வி. அவள் வைக்கோல் வைத்துச் சுற்றிய பொம்மை எந்த ஊருக்குப் போனாலும் மூக்கு உடையாது.

“சார், நாமளும் ஒரு டிவி மாட்டுனா எங்க வேல நிக்குமா?” என்று கேட்டாள்.

“டிவி இல்லம்மா, கடைக்குன்னு செய்யற திரை” என்றேன்.

“எதா இருந்தா என்னா சார்? வேல நிக்குமா?”

திரை பார்த்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் முறையாக விசாரித்தேன். வீட்டு டிவி வேறு, கடைத் திரை வேறு. வீட்டு டிவி சாயங்காலம் நாலு மணி நேரம் ஓடப் பிறந்தது. கடைத் திரை காலையில் கதவைத் திறந்ததிலிருந்து பூட்டும் வரை ஓட வேண்டும். எங்கள் கடை மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அந்த வெயிலிலும் படம் தெரிகிற அளவு வெளிச்சம் வேண்டும். பொம்மைகள் நின்ற கோலத்தில் இருப்பவை, அதனால் திரையை உயரவாக்கில் நிறுத்தவும் முடிய வேண்டும். இது நியாயமான எதிர்பார்ப்பா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து டை கட்டிய ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். இளைஞர். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது சாட்சாத் வீட்டு டிவி.

“பகல் முழுக்க ஓடுமா?”

“சூப்பரா ஓடும் சார்.”

“நிமிர்த்தி நிறுத்தலாமா?”

“தாராளமா சார். பாக்கறவங்க கொஞ்சம் தலைய சாய்ச்சிக்கணும்.”

தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டுமாம்! பஸ் பிடிக்க ஓடுகிறவன் எங்கள் கடை வாசலில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம்! வாசல் வெயிலில் வைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். திரையில் என் முகம்தான் தெரிந்தது, கோபத்தோடு. அப்படியே திருப்பி அனுப்பினேன்.

அடுத்த முறை அவர் உண்மையான கடைத் திரையைக் கொண்டுவந்தார். கனமான, கறுத்த சட்டம். வாசலில் மேசை போட்டு நிமிர்த்தி நிறுத்தி, பொம்மைப் படங்களை ஓடவிட்டார். மேற்கு வெயில் பளீரென்று அடிக்க, அதற்கும் மேலே பளீரென்று சரஸ்வதி பொம்மை நின்றது. சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வீணையின் தந்திகூடத் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் சொன்னபடியே நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்து முடிப்பதற்குள், உள்ளேயிருந்து டங்கு வந்தார்.

“இதான் அதுவா?” என்று கேட்டுக்கொண்டே சரஸ்வதியின் வயிற்றில் ஒரு தட்டு தட்டினார்.

‘தொப்’ என்றது. ‘தொக்’கூட இல்லை.

அவர் முகம் இருண்டது. கட்டைவிரலால் அழுத்தினார். விரலைச் சுற்றிக் குளத்தில் கல் போட்டதுபோல வண்ண வளையங்கள் விரிந்தன.

“மேனேஜர், உள்ள தண்ணி தளும்புது பாருங்க! பச்ச சரக்கு. சூளையில வேகவே இல்ல!”

“மொதலாளி, அது பீங்கான் இல்லீங்க!”

“எதுவா இருந்தாலும் வேகணுமில்ல?” என்று கடைசித் தீர்ப்புக்காக, மோதிரம் போட்ட முட்டியால் ஓங்கி ஒன்று வைத்தார்.

‘சிலுக்’ என்று ஒரு சத்தம். சரஸ்வதியின் இடுப்பிலிருந்து நாலு பக்கமும் கோடுகள் ஓடின. நடுவில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு பரவியது. விற்பனை இளைஞர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “சார், டெமோ பீஸ் சார்... என் சம்பளத்துல புடிச்சிடுவாங்க சார்...”

டங்கு கறுப்பைப் பார்த்தார். பிறகு கடைச் சுவரைப் பார்த்தார். ‘உடைத்தவரே பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று அங்கே போர்டு தொங்கியது. அதை மாட்டச் சொன்னவர் அவர்தான்.

“எந்திரி தம்பி. ஒடச்சது நானு. இது எங்க கடைக்கே இருக்கட்டும், பில்லு போடு. யாராவது கேட்டா, வித்துட்டேன்னு சொல்லு.”

சரி, பெருந்தன்மை. நான் மறுக்கவில்லை. உடைந்ததைச் சாக்கு போட்டு மூடிக் குடோனில் வைத்துவிட்டு, இன்னொன்றுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அந்தத் திரை கடை நெற்றியில் மாட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது!

“மொதலாளி, இது என்னாங்க அநியாயம்? பீங்கான் கட வாசல்ல விரிசல் வுட்டதயா வெக்கிறது? ஊரு சிரிக்காதா?”

“காசு குடுத்து வாங்கிட்டு உள்ள பூட்டி வெக்க சொல்றீங்களா? தலையும் காலும் நல்லாதான தெரியுது?”

எனக்கு அழுகை வராத குறை. திரையின் தரமோ முதல்தரம். நான் தேர்ந்தெடுத்ததாயிற்றே! சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தும், கொளுத்துகிற வெயிலிலும், ஒவ்வொரு விரிசலும் துல்லியமாகத் தெரிந்தது.

முதலில் வந்தவர் பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி ஒருவர். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உள்ளே வந்தார். “ஏங்க, ஒங்க டிவி வெடிச்சிருக்குதே, பாக்கலியா?”

டங்கு நாற்காலியை விட்டு எழுந்தார். “அப்புடியா? எப்போங்க?” என்று பதறினார். வெளியே போய்ப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். “நல்லவேள சொன்னீங்க. வெயில்ல வந்திருக்கீங்க, ஒக்காருங்க, டீ சாப்புடுங்க.” டீ வருவதற்குள் அவர் கையில் ஒரு கிருஷ்ணர் பொம்மையைக் கொடுத்து, “தட்டிப் பாருங்க” என்றார். அது ‘டங்’ என்றது. கிருஷ்ணர் பெண்ணாடம் போனார்.

அடுத்து ஒரு அம்மா. “கல்லால அடிச்சிட்டானுங்களா? யாரு பெத்த புள்ளைங்களோ!” அவர் விளக்குகள் வாங்கிக்கொண்டு போனார். பிறகு மங்கலம்பேட்டையிலிருந்து, லீவில் வந்திருந்த துபாய்க்காரர் ஒருவர். “எங்க கம்பெனிலயும் இப்புடிதான் ஒன்னு ஒடஞ்சிது பாய். பேனலயே மாத்தணும்” என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு, கப் அண்டு சாசர் செட்டோடு போனார்.

இந்த ஊர்ப் பக்கத்தில் உடைந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, உரியவரிடம் சொல்லாமல் போகிற மனிதர் யாரும் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவரிடமும் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுவதுபோல இந்த மனிதர் அதிர்ச்சி அடைந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “அய்யய்யோ, எப்போங்க?” என்று ஒரு நாளில் எத்தனை தடவை கேட்பது? இது வியாபாரமா, நாடகமா? எதிர்க்கடை போர்டு குறையில்லாமல் ஓடிற்று. குறை இல்லாததைப் பற்றி யார் உள்ளே போய் என்ன சொல்வது?

ஆயுத பூஜை முடிந்தது. சீசன் படுக்கவில்லை. பெரிய லாபம் என்றும் சொல்ல முடியாது. மச்சான் போன் செய்தார். முதலாளி “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டார். கதவோரம் செல்வியும் மற்ற மூவரும், கையிலிருந்த வைக்கோலைக்கூடக் கீழே போடாமல் நின்றார்கள்.

“ஆளுங்கள கொறைக்கணுமாம், மேனேஜர்” என்றார் டங்கு, ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. பிறகு வாசலைப் பார்த்தார். “நீங்க சொன்ன மாதிரியே ஒடயாத திரையா ஒன்னு வாங்கிடலாம். அத தொடைக்க ஆளு வேணுமில்ல? நாலு பேரும் இருக்கட்டும். நீங்களே எடுத்து சொல்லுங்க. நான் சொன்னா அவன் நம்பமாட்டான்.”

ரிசீவரை என்னிடம் நீட்டினார். ஒரு திரையைத் துடைக்க நான்கு பேர்! இதைவிட அபத்தமான ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வாரத்துக்கு ஒருமுறை, ஒருவர், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். விசாரித்துத் தெரிந்துகொண்டவன் நான்.

ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன்.

“ஆமாங்க, நாலு பேரும் கண்டிப்பா வேணுங்க. திர ரொம்ப பெருசுங்க” என்றேன்.