குடும்பத் தலைவர் போட்ட பூட்டு

ஒரு காட்டில், வைஃபை வந்து சேர்ந்த குகை ஒன்று இருந்தது. அதில் மாசாணம் என்ற கரடியார், மனைவி பொன்னுத்தாயோடும் மகள் செவந்தியோடும் குடித்தனம் நடத்தினார். குடும்பத் தலைவர் என்ற பட்டத்தைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது. அதையாவது காப்பாற்ற வேண்டாமா?

செவந்திக்குத் தேனெடுக்கும் ஆன்லைன் வகுப்பு. வாத்தியார் தேன்கூட்டில் கை வைக்கும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும். பரீட்சையில் கோட்டை விட்டுவிடுவோமோ என்று பிள்ளைக்கு அழுகையே வந்தது. கரடியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நெட்டைத் தின்பவன் எவனென்று பார்க்காமல் விடுவதில்லை என்று போனை எடுத்தார்.

ரூட்டரை அடக்கி ஆளும் ஆப்பைச் செவந்தி தன் போனிலும் அப்பா போனிலும் போட்டு வைத்திருந்தாள். பொன்னுத்தாய் போன், செவந்தி போன், டிவி என்று அதில் ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டியவர் கரடியார். தன் போனுக்கு மட்டும் சூட்டவில்லை. கண்காணிக்கிறவனுக்கு எதுக்குய்யா பேர் என்ற நினைப்பு.

இப்போது பார்த்தால், முக்கால்வாசி நெட்டை விழுங்கிவிட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தது பெயரில்லாத ஒரு போன். பக்கத்து மரத்துக் குரங்குதான், சந்தேகமே இல்லை. மனைவியையும் மகளையும் கூப்பிட்டு நிற்கவைத்து, அவர்கள் கண்ணெதிரே அதைத் தடை செய்தார்.

அந்த நொடியே அவர் கையிலிருந்த போனில் நெட் செத்தது. தடையை அவர் நீக்கவும் அதே போன்தான் வேலை செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் மகளிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

வகுப்போ தடங்கலில்லாமல் ஓடியது. பொன்னுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் திருட்டு மூதேவிக்கு இனி ஜென்மத்துக்கும் நெட் தரக்கூடாது என்றாள். கரடியாரும் தலையாட்டினார், வேறென்ன செய்ய? மல்யுத்த வீடியோ பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கெத்தை விடாமல், வெறும் திரையைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

செவந்தி கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தக் குரங்கு போனைத் திறந்துவிடட்டுமா? சரியாவே சாப்பிடலை போல."

கரடியார் தொண்டையைச் செருமினார். "அதுவும் ஒரு உயிர்தானேம்மா. திற. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் வகுப்பு பழையபடி நின்றது. கரடியார் குகை வாசலில் நின்று, பக்கத்து மரத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்ததும் உள்ளே போய்ப் போர்வைக்குள் மல்யுத்தம் பார்த்தார். செவந்தி நின்றுபோன படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் பரீட்சையில் அவள் தேறவில்லை.

நீதி: குடும்பத் தலைவராக நீடிக்க விரும்புகிறவர், தன் போனுக்கு முதல் நாளே 'பக்கத்து மரத்துக் குரங்கு' என்று பெயர் வைத்துவிட வேண்டும்.