அக்காவின் டாங்கியும் அத்தானின் கம்ப்யூட்டரும்

மனிதகுலத்தின் நலனுக்காக இதுவரை கண்டுபிடிக்கப்பட்டவற்றுள் தலையாயது எங்கள் அத்தான் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர்தான் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்திருந்த நேரம். விரல்கள் மடங்க மறுத்தன. தினமும் ரப்பர் பந்தைப் பிசையச் சொல்லியிருந்தார் டாக்டர். இரண்டே நாளில் பந்து அவளுக்குச் சலித்துவிட்டது. கல்லூரிக் காலத்தில் கம்ப்யூட்டரில் ஆடிய டாங்கிச் சண்டை விளையாட்டின் சிடியை அலமாரியில் தேடி எடுத்தாள். இதை ஆடினால் விரல் தானாக மடங்கும் என்றாள்.

அத்தான் அலுவலகத்தில் பிரிவு மேலாளர். வீட்டிலும் கூட்டம் போடாமல் எதையும் முடிவு செய்ய மாட்டார். சாப்பாட்டு மேசையில் கூடிய அவசரக் கூட்டத்தில், புதுக் கம்ப்யூட்டரில் சிடி போட இடமே கிடையாது என்ற 'முன்னேற்றம்' எங்களுக்கு விளக்கப்பட்டது. நான் கடைக்கு ஓடி, வெளியே மாட்டும் சிடி டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன்.

சிடியைப் போட்டதும் திரையில் அறிவிப்பு. இதை உருவாக்கியவர் யாரென்று தெரியவில்லையாம். எங்கள் பாதுகாப்புக்காகத் தடுத்திருக்கிறதாம்.

"அதுக்குத் தெரியலைன்னா என்ன, எனக்குத் தெரியுமே," என்றாள் அக்கா. கம்ப்யூட்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தோம். புதுக் கம்ப்யூட்டரைப் பழசு மாதிரி நடிக்க வைக்க வேண்டும் என்றார் அவர்.

அக்கா, அன்று காலைதான் தலைக்கு டை அடித்திருந்த அத்தானைப் பார்த்தாள். "இந்த வீட்ல பழசுதான் புதுசு மாதிரி நடிக்கும்."

ஒருவழியாக விளையாட்டு ஏறியது. ஆனால் கம்ப்யூட்டரின் அபார வேகத்தில் டாங்கிகள் கண் இமைப்பதற்குள் பாய்ந்து, மோதி, வெடித்து, ஆட்டமே முடிந்துவிட்டது.

"நான் இன்னும் கையே வைக்கலையே. அதுக்குள்ள செத்துட்டேனா?"

வேகத்துக்காகவே வாங்கிய கம்ப்யூட்டரை, மெக்கானிக் ஏதோ மென்பொருள் போட்டு மந்தமாக்கினார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்போல அத்தான் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அக்கா ஆட ஆரம்பித்தாள். முதலில் முனகிக்கொண்டு, பிறகு எதிரி டாங்கிகளைத் திட்டிக்கொண்டு. சில வாரங்களில், பட்டன் போட்டுவிட என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் காலை டாங்கியைக் காணோம். இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட கம்ப்யூட்டர், 'ஒத்துவராத மென்பொருள் உங்கள் நலன் கருதி நீக்கப்பட்டது' என்றது. அந்த இடத்தில் யாரும் கேட்காத மிட்டாய் விளையாட்டு ஒன்று, விளம்பரங்களோடு உட்கார்ந்திருந்தது. மறுபடி சிடியைப் போட்டால், இனி அனுமதியே இல்லையாம். அக்கா விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, நாம தூங்கும்போதும் நமக்காக வேலை செய்யுது," என்றார் அத்தான்.

உண்மைதான். ஊர் தூங்கும் நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து, கேட்காமல் பொருளை எடுத்துப் போவதற்கு முன்பெல்லாம் வேறு பெயர். ஆளைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். இப்போது அதற்கு 'அப்டேட்' என்று பெயர். வேலை முடிந்ததும் நம்மையே 'சரி' என்று அழுத்தச் சொல்கிறது.